கேட்போராகவே இருந்தோர்: மலையகத்திற் கிறிஸ்தவ இசை வானொலியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1. முன்னுரை

வானொலி நிலையமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அந்நிலையத்தின் கட்டடத்திலிருந்தும் அதனை நிறுவியோரிலிருந்தும் தொடங்குவர். எந்த ஆண்டு தொடங்கப்பட்டது, எத்தனை கிலோவாற் வலுவுடையது, தலைமை தாங்கியோர் யாவர் என்ற வினாக்களுக்கான விடைகளே வரலாறாகத் தொகுக்கப்படும். இம்முறை மலையகத்துக்குப் பொருந்தி வருவதன்று. அட்டன், நுவரெலியா, கினிகத்தேனை ஆகிய பகுதிகளின் பெருந்தோட்டங்களிற் கிறிஸ்தவப் பாடல்கள் வானொலி மூலம் நெடுங்காலமாக ஒலித்து வந்துள்ளன. ஆயினும் அப்பாடல்களை ஒலிபரப்பிய நிலையங்கள் கொழும்பிலும் புத்தளத்திலும் மணிலாவிலும் வத்திக்கானிலும் சீசெல்ஸ் தீவிலும் இருந்தன. அவற்றுள் எதுவும் தேயிலை மலைகளின் மீது இருக்கவில்லை.

ஆகவே இவ்வரலாற்றை ஒலிபரப்பியின் பக்கத்திலிருந்து எழுதாமல், லயக் காம்பராவில் இருந்த சிறிய வானொலிப் பெட்டியின் பக்கத்திலிருந்து எழுத முற்படுகின்றோம். மலையகத் தமிழ் மக்கள் இவ்வானொலிகளின் நேயர்களாக எவ்வாறு உருவாயினர், அதனால் எதனைப் பெற்றனர், எதனைப் பெறாது போயினர் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். சமயப் பிரசாரத்தை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ நமது நோக்கமன்று. ஒரு தொழிலாளர் சமூகத்துக்கும் அதன் செவிக்கு எட்டிய குரல்களுக்குமிடையே நிலவிய உறவினை விளக்குவதே நமது நோக்கமாகும்.

2. மலையும் அலையும்

கினிகத்தேனை, அவிசாவளையிலிருந்து கித்துல்கலை வழியாக அட்டனுக்கு ஏறிச் செல்லும் பெருந்தெருவில், மலைநாட்டின் மேற்கு விளிம்பில் அமைந்த சிறு நகரம். தென்மேற்குப் பருவக் காற்று நேரே வந்து மோதும் சரிவு இது. அண்மையிலுள்ள வட்டவளை இலங்கையின் மிகுமழைப் பிரதேசங்களுள் ஒன்றாகும். மேற்கே தாழ்நிலமும் கிழக்கே அடுக்கடுக்கான தேயிலை மலைகளுமாக அமைந்த இவ்விடம் வானொலி அலைகளின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கும் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டாகின்றது.

வானொலி அலைகள் யாவும் ஒரே வகையாகச் செல்வதில்லை. மத்திய அலையின் நீளம் சில நூறு மீற்றர்கள். எடுத்துக்காட்டாக, 882 கிலோஹேட்ஸ் அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ 340 மீற்றராகும். இத்தகைய நீண்ட அலை நிலத்தைத் தழுவிச் சென்று குன்றுகளையும் ஓரளவு வளைந்து கடக்கின்றது. பகலில் வானத்தின் மேலடுக்குகளை நோக்கிச் செல்லும் மத்திய அலையை அயனமண்டலத்தின் கீழ்ப்படை உறிஞ்சிவிடுகின்றது. பொழுது சாய்ந்ததும் அப்படை மறைந்துவிட, அலைகள் மேற்படையிற் பட்டுத் தெறித்துத் தொலைவிடங்களில் வந்திறங்குகின்றன. பகலிற் கேளாத நிலையங்கள் இரவிற் கேட்பதற்குக் காரணம் இதுவே. சிற்றலையோ இவ்வாறு தெறித்துத் தெறித்துக் கடல்களையும் கடந்து செல்ல வல்லது. பண்பலையின் நீளம் மூன்று மீற்றரளவே. அது பெரும்பாலும் நேர்க்கோட்டிற் செல்வது. மலையொன்று குறுக்கே நின்றால் அப்பாலுள்ள பள்ளத்தாக்கு நிழலில் மறைந்துவிடும்.

இந்த இயற்பியல் உண்மைக்குச் சமூக விளைவொன்றும் உண்டு. பண்பலை பரவுவதற்கு முற்பட்ட காலத்தில் மலையகத் தொழிலாளி அருகிலுள்ள குரலைக் காட்டிலும் தொலைவிலுள்ள குரலையே எளிதிற் கேட்க முடிந்தது. அருகிலிருந்து பேச எவருமில்லை என்பது அதன் மற்றொரு பக்கம். பகல் முழுவதும் கொழுந்து மலையில் நின்று திரும்பிய தொழிலாளிக்கு ஓய்வு கிடைத்த இரவுப் பொழுதே தொலைதூர அலைகள் தெளிவாக வந்து சேரும் பொழுதாகவும் அமைந்தது.

3. மின்சாரம் பிறந்த மலையும் விளக்கற்ற லயமும்

கினிகத்தேனைக்கு அண்மையிற் களனி கங்கையின் கிளையாறுகளான கெகல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் பாய்கின்றன. இந்நீர்வலுவைக் கொண்டு நாட்டுக்கு மின்சாரம் ஆக்கலாம் என டீ. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். பல தடைகளுக்குப் பின்னர் லக்ஷபான நீர்மின் நிலையத்தின் முதற்கட்டம் 1950இல் 25 மெகாவாற் வலுவுடன் இயங்கத் தொடங்கியது. கொழும்பின் வீதிகளும் தொழிற்சாலைகளும் இம்மலை நீரால் ஒளிபெற்றன. ஆனால் உயரமான இரும்புக் கோபுரங்களின் கம்பிகள் தலைக்கு மேலாகச் சென்ற தோட்டங்களின் லயங்களிற் பல தசாப்தங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. தேயிலைத் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் கிடைத்த மின்சாரம் லயத்துக்கு வந்து சேரவில்லை.

வால்வுகளால் இயங்கிய பழைய வானொலிப் பெட்டி மின்சாரத்தையோ பெரிய பற்றரியையோ வேண்டி நின்றது. விலையும் கூடியது. எனவே 1950கள் வரை தோட்டத்தில் வானொலி என்பது துரைக்கும், சில இடங்களில் உத்தியோகத்தருக்கும், வசதிபடைத்த பெரிய கங்காணிக்கும் உரிய பொருளாகவே விளங்கியது. 1947இற் கண்டுபிடிக்கப்பட்ட ட்ரான்சிஸ்டர், சில ஆண்டுகளிற் கையடக்கப் பெட்டிகளாகச் சந்தைக்கு வந்தபோதே நிலைமை மாறத் தொடங்கியது. சில உலர் பற்றரிகளைக் கொண்டு வாரக்கணக்கில் இயங்கவல்ல அப்பெட்டி, மின்சாரம் மறுக்கப்பட்ட மனிதரின் வானொலியாயிற்று. பற்றரி தீர்ந்துவிடுமென்ற அச்சத்தால் எல்லா நேரமும் அதனைத் திறந்து வைப்பதில்லை. எந்த நிகழ்ச்சிக்குத் திறப்பது என்பது வீட்டில் எடுக்கப்பட்ட தீர்மானம். ஒரு லயத்திற் பெட்டி ஒன்றே இருக்குமாயின் அயற் காம்பராக்களும் அதன் நேயர்களே. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமான காம்பராக்களை மெல்லிய சுவர்களே பிரித்தமையால், ஒருவர் கேட்பதை மற்றவர் கேளாதிருப்பதும் இயலாது. கிறிஸ்தவப் பாடலைக் கேட்டோர் கிறிஸ்தவர் மட்டுமல்லர் என்பதற்கு லயத்தின் இவ்வமைப்பே முதற் காரணமாகும்.

4. வானொலிக்கு முந்திய பாட்டு

வானொலி வருவதற்கு வெகுகாலம் முன்பே கிறிஸ்தவப் பாட்டு மலைக்கு வந்துவிட்டது. கோப்பிக் காலத்திலேயே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருட் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இருந்தனர். 1850களின் நடுப்பகுதியிற் கண்டியை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. அது அன்று தாங்கிய பெயர் தமிழ்க் கூலி மிஷன் என்பதாகும். உழைப்பவரை அழைத்த இழிசொல்லையே தன் பெயரில் ஏற்றிக்கொண்ட அவ்வியக்கம், தோட்டத்துரைமாரின் நன்கொடையிலும் தங்கியிருந்தது என்பது சமூக வரலாற்று மாணவர் மறக்கலாகாத செய்தி. புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் அட்டனையும் அடைந்த பின்னர், தேயிலையின் விரிவோடு கோவில்களும் பாடசாலைகளும் பெருகின. மெதடிஸ்த திருச்சபையினர் 1892இல் அட்டனில் நிறுவிய ஹைலன்ட்ஸ் கல்லூரி இதற்கொரு சான்று.

இத்தொழிலாளர் பாடிய கிறிஸ்தவப் பாடல்கள் இருவேறு ஊற்றுகளைக் கொண்டவை. ஒன்று, மேனாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு. ஜேர்மனியப் பாடல்களைத் தமிழில் தந்த பப்ரிசியஸ் பாதிரியார் இம்மரபில் முதன்மையானவர். மற்றையது, இராகமும் தாளமும் பல்லவி அனுபல்லவியும் கொண்ட கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இதன் தலைமகன். 1853இல் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரி தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டதன் பின்னர் இவை வழிபாட்டில் நிலையான இடம்பெற்றன. தமிழிசை ஆய்வின் முன்னோடி நூல்களுள் ஒன்றான கருணாமிர்தசாகரத்தை 1917இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் இக்கிறிஸ்தவ மரபில் வந்தவரே. கத்தோலிக்க வழிபாட்டில் இலத்தீனே மேலோங்கியிருந்த நிலை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணத்தால் மாறியது. மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமென அவ்வாவணத்தின் 119ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகின்றது. இப்பிரிவை நாம் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இவ்விரு ஊற்றுகளுக்கும் புறம்பாக மூன்றாவது ஊற்றொன்றும் மலையகத்தில் இருந்தது. தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, காமன் கூத்து, பொன்னர் சங்கர் ஆகியன தொழிலாளர் தம்முடன் கொண்டுவந்து இங்கே புதுப்பொருள் ஏற்றிய வடிவங்களாகும். கண்டிச் சீமைக்கு வந்த துயரையும் கங்காணியின் கொடுமையையும் இவை பாடின. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தொழிற்சங்கச் செய்தியைப் பாட்டாக்கித் தோட்டந்தோறும் கொண்டுசென்றதும், சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்ததும் இவ்வூற்றின் வலிமையை உணர்ந்தமையாலேயே. இம்மூன்றனுள் எவை வானேறின, எது தரையிலேயே நின்றுவிட்டது என்பதே இனி நாம் கவனிக்க வேண்டியது.

5. கொழும்பின் குரல்

எட்வர்ட் ஹார்ப்பரின் பரிசோதனை முயற்சிகளைத் தொடர்ந்து 1925 டிசம்பரிற் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கப்பட்டது. ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளுள் இதுவும் ஒன்று. 1949இல் அது ரேடியோ சிலோன் எனும் தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக சேவை தோன்றியது. 1967 ஜனவரியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் உருவாகியது. எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளரின் குரல்கள் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் வீட்டுக் குரல்களாயின. ஒலிபரப்புக் கலை எனத் தமிழில் நூல் எழுதிய சோ. சிவபாதசுந்தரம் இங்கிருந்தே உருவாகி, பின்னர் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை எனப் பெயரிட்டார்.

கொழும்பு வானொலியிற் கிறிஸ்தவ இசைக்கு இரு வாயில்கள் இருந்தன. ஒன்று, நாட்டின் சமயங்களுக்கு நேரம் ஒதுக்கும் அரச ஏற்பாடு. ஞாயிறு வழிபாடும், நத்தார், பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு நிகழ்ச்சிகளும் இவ்வழியில் வந்தன. மற்றையது வர்த்தக வழி. சமய நிறுவனங்கள் சவர்க்காரக் கம்பெனிகளைப் போலவே பணம் செலுத்தி நேரத்தை வாங்கிக்கொண்டன. பாடல், சிறு பிரசங்கம், மீண்டும் பாடல், முடிவில் தபால் முகவரி என்ற அமைப்பு இக்காலத்தில் உறுதிப்பட்டது. பின்னர் வந்த கிறிஸ்தவ வானொலிகளிற் பெரும்பாலானவை இவ்வமைப்பையே பின்பற்றின.

இலங்கை தன் மண்ணை வெளிநாட்டு ஒலிபரப்புக்கு வாடகைக்கு விடும் வழக்கமும் இதே காலத்தில் வேரூன்றியது. 1951இல் அமெரிக்காவின் குரலுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1980களில் ஜேர்மனியின் டொய்ச்சே வெல்லே திருகோணமலையில் அஞ்சல் நிலையம் அமைத்தது. உலகின் வல்லரசுகளுக்கு இத்தீவு இந்தியாவை நோக்கிய ஓர் ஒலிமேடையாகத் தோன்றிற்று. கிறிஸ்தவ வானொலியின் வருகையையும் இப்பின்னணியிலேயே வைத்து நோக்க வேண்டும்.

6. கடற்கரையிலிருந்தும் கடல்களுக்கப்பாலிருந்தும்

இலங்கை மண்ணிலிருந்து இயங்கிய கிறிஸ்தவ ஒலிபரப்பில் முதன்மையானது புத்தளத்திலிருந்து ஒலித்த ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவாகும். 1954இல் மொரோக்கோவின் தாஞ்சியரிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கிய இவ்வமெரிக்க நிறுவனம், 1960இல் மொன்டே கார்லோவிலும் 1964இல் கரிபியனின் பொனேர் தீவிலும் 1977இல் குவாமிலும் தளம் கொண்டது. 1970களின் பிற்பகுதியில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துடன் செய்த உடன்பாட்டின் வழியே, புத்தளத்தில் 400 கிலோவாற் வலுவுள்ள மத்திய அலை ஒலிபரப்பியைக் கொண்டு 882 கிலோஹேட்ஸில் ஒலிபரப்பத் தொடங்கியது. இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறிய காலம் அது.

ஆனால் இவ்வொலிபரப்பியின் முகம் இந்தியாவை நோக்கியிருந்தது. இந்தியாவில் அக்காலத்தில் ஒலிபரப்பு முழுவதும் அகில இந்திய வானொலியின் ஏகபோகமாகும். வானலைகள் பொதுமக்களின் சொத்து என அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995இலேயே. எனவே இந்திய மக்களிடம் வானொலி வழியே பேச விரும்பிய சமய நிறுவனங்கள் எல்லைக்கு வெளியே நின்று பேசின. புத்தளம் அத்தகைய ஓரிடம். 1970 முதல் 2003 வரை சிற்றலையில் இயங்கிய பீபா நிறுவனத்தின் சீசெல்ஸ் நிலையம் மற்றோரிடம். ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் கடலைத் தாண்டிவந்த அதன் ஒலி, கினிகத்தேனையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புத்தளத்தின் ஒலியைப் போலவே, மலையகத்தாருக்கென முதன்மையாக உருவாக்கப்பட்டதன்று. தென்னிந்தியத் தமிழரை நோக்கிச் சென்ற குரலை மலையகத் தமிழர் வழியிற் கேட்டுக்கொண்டனர் என்பதே உண்மை.

கத்தோலிக்கர் பக்கத்தில் வத்திக்கான் வானொலியும் வேரித்தாஸ் வானொலியும் குறிப்பிடத்தக்கவை. 1931இல் மார்க்கோனியின் துணையுடன் தொடங்கப்பட்ட வத்திக்கான் வானொலி பிற்காலத்தில் தமிழிலும் ஒலித்தது. மணிலாவின் வேரித்தாஸ் வானொலி 1958இல் ஆசிய ஆயர்களின் கூட்டமொன்றில் எண்ணப்பட்டு, மேற்கு ஜேர்மனியின் பொருளுதவியுடன் 1969இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆசியாவிற் பொதுவுடைமையின் பரவலை எதிர்கொள்வது அதன் தோற்றத்துக்குரிய காரணங்களுள் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வரலாறு தோற்றுவித்தோரின் எண்ணப்படியே செல்வதில்லை. 1986 பெப்ரவரியில், மார்க்கோஸின் சர்வாதிகாரத்துக்கெதிராக மக்களை வீதிக்கு அழைத்த கர்தினால் சின் அவர்களின் குரல் வேரித்தாஸின் வழியாகவே மணிலாவெங்கும் பரவியது. அதன் தமிழ்ப்பணியும், இலங்கையின் போர்க்காலத்தில், பிரிந்து கிடந்த தமிழர் செவிமடுத்த குரல்களுள் ஒன்றாயிற்று. மின்சாரமும் பற்றரியும் அற்ற யாழ்ப்பாணத்தில் மக்கள் மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. வேரித்தாஸ் 2018 ஜூன் 30ஆம் திகதியுடன் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தி இணையத்துக்குச் சென்றுவிட்டது.

7. நேயர் பெற்றதும் பெறாததும்

இக்குரல்களிடமிருந்து மலையகத் தொழிலாளி பெற்றது யாது? முதலாவது, மரியாதை. பிரட்டுக் களத்திற் பெயருக்குப் பதிலாக எண்ணாலும் ஏவலாலும் அழைக்கப்பட்ட மனிதரை வானொலி அன்பார்ந்த நேயர்களே என்றழைத்தது. இதனைச் சிறிய விடயமெனத் தள்ளிவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, வாக்குரிமையையும் இழந்த ஒரு சமூகத்தை முகவரியுள்ள மனிதராக நடத்திய நிறுவனங்கள் சிலவே. கடிதம் எழுதினால் விடை வரும், தபால்வழி விவிலியப் பாடத்தில் சேர்ந்தால் சான்றிதழ் வரும், பெயர் வானொலியில் வாசிக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு எழுத்தறிவோடும் இணைந்திருந்தது. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவர் தம் கையெழுத்தாற் கடிதம் எழுதுவதற்கான காரணம் ஒன்றை இவ்வானொலிகள் வழங்கின.

இரண்டாவது, பாட்டு. சிற்றலையில் ஒலி மங்கியும் எழுந்தும் வரும். பிரசங்கத்தின் நடுவே சொற்கள் மறைந்தாற் பொருள் சிதையும். பாட்டோ பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் சிதையாது மனத்திற் பதியும். பாடல்களைக் கேட்டுக் கொப்பியில் எழுதி, விடுபட்ட வரியை அடுத்த வாரம் நிரப்பி, கோவிலிற் பாடியோரை நாம் அறிவோம். சுரத்தட்டோ ஆர்மோனியமோ இல்லாத சிறு கோவில்களுக்கு வானொலியே இசையாசிரியனாயிற்று. பிரசங்கத்தை மறந்தோரும் பாட்டை மறக்கவில்லை. சைவ வீடுகளிலும் அப்பாட்டுகள் இசைக்காகவே முணுமுணுக்கப்பட்டன.

மூன்றாவது பேறு பிரிவோடு சம்பந்தப்பட்டது. 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அன்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் தீர்மானித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இவ்வெண்களின் பின்னால் அண்ணன் அங்கும் தங்கை இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் இருந்தன. தலைமன்னார்க் கப்பலில் ஏறிச் சென்றோர் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலைக்கே கூலிகளாயினர். புத்தளத்திலிருந்து இந்தியாவை நோக்கிய அலை அங்கும் சென்றது, இங்கும் கேட்டது. கினிகத்தேனைச் சரிவில் ஒரு காம்பராவும் நீலகிரிச் சரிவில் ஒரு குடிசையும் ஒரே இரவில் ஒரே பாட்டைக் கேட்க முடிந்தது. இரு அரசுகள் ஒப்பமிட்டுப் பிரித்த மக்களை இணைக்கும் நோக்கம் அந்நிலையத்துக்கு இருந்ததெனக் கூற முடியாது. ஆயினும் அலை எல்லை அறியாதது.

இனி, பெறாததையும் கூறவேண்டும். இவ்வானொலிகளில் முதலிரண்டு ஊற்றுகளான ஞானப்பாட்டும் கீர்த்தனையும், பின்னர் திரையிசையின் சாயல் படிந்த மெல்லிசைப் பாடல்களும் இடம்பெற்றன. மூன்றாவது ஊற்றான மலையக நாட்டாரிசை பெரும்பாலும் புறத்தே நின்றுவிட்டது. தப்பு ஒலிக்கும் கிறிஸ்தவப் பாட்டு இழவு வீட்டுக்கோ கூத்துக் களத்துக்கோ உரியதெனக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டமைக்குச் சாதியப் பார்வையும் ஒரு காரணம். சங்க ஆவணத்தின் 119ஆம் பிரிவு மதிக்கச் சொன்ன இசை மரபு, நடைமுறையிற் கற்றோரின் மரபாகச் சுருங்கிவிட்டது.

பாடலின் பொருளும் அவ்வாறே. தனிமனிதனின் பாவமும் மீட்பும் பாடப்பட்டன. நாட்கூலியும், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களை வாட்டிய பட்டினியும், பறிக்கப்பட்ட பிரசாவுரிமையும் பாடப்படவில்லை. இத்தனைக்கும் அதே மலையகத்தின் கிறிஸ்தவரிடையே வேறொரு குரல் அப்போதே எழுந்திருந்தது. 1958இல் தோன்றிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை இயக்கமும், அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இற் கண்டியில் நிறுவிய சத்தியோதயமும், 1974இல் உருவான தோட்டப் பிரதேசங்களுக்கான கூட்டுச் செயலகமும் நற்செய்தியைக் கூலியோடும் குடியுரிமையோடும் இணைத்துப் பேசின. அவை கூட்டம் கூட்டின, துண்டுப் பிரசுரமும் சஞ்சிகையும் வெளியிட்டன. அவற்றிடம் ஒலிபரப்பி இருக்கவில்லை. ஒலிபரப்பி இருந்தோரிடம் இச்செய்தி இருக்கவில்லை.

8. பிற மலைகளின் அனுபவம்

இந்நிலை தவிர்க்க முடியாததா என்ற வினாவுக்கு விடைகாண, தொழிலாளர் வாழும் வேறொரு மலைநாட்டை நோக்குவோம். பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர் 1940களின் பிற்பகுதியிலிருந்து தம் ஊதியத்தில் ஒரு பங்கை ஒதுக்கித் தமக்கென வானொலிகளை நிறுவினர். அவர்களிடையே பொதுவுடைமைச் செல்வாக்கை எதிர்ப்பதற்கென 1959இற் கத்தோலிக்கத் துறவியர் பன்னிரண்டாம் பயஸ் பெயரால் ஒரு வானொலியைத் தொடங்கினர். காலப்போக்கில், சுரங்கத்தாரின் வறுமையையும் 1967 ஜூன் 24ஆம் திகதி இராணுவம் நடத்திய படுகொலையையும் கண்ணெதிரே கண்ட அந்நிலையம் தொழிலாளரின் பக்கம் சேர்ந்தது. நிலையம் மக்களின் நடுவே இருந்தமையாலேயே மக்களால் அதனை மாற்ற முடிந்தது. கடலுக்கப்பால் இருந்த நிலையத்தை நேயர் கடிதத்தால் மட்டுமே தொட முடியும். வாசலில் இருந்த நிலையத்தினுள் நுழைந்து பேச முடியும். இவ்வேறுபாடே நமது பொருளின் மையம் எனலாம்.

நம் நாட்டிலும் ஒரு முன்மாதிரி அண்மையிலேயே தோன்றியது. 1981இல் யுனெஸ்கோவின் துணையுடன் மகாவலி சமூக வானொலித் திட்டம் தொடங்கியது. அதன் வழியே 1989இற் கொத்மலையில் ஒரு வானொலி நிலையம் இயங்கத் தலைப்பட்டது. 1998இல் வானொலியையும் இணையத்தையும் இணைத்த முயற்சியால் அது உலகப் புகழும் பெற்றது. கினிகத்தேனைக்கு அடுத்த மலைத்தொடரிலேயே இது நிகழ்ந்தது. ஆயினும் மகாவலித் திட்டத்தின் குடியேறிகளை மனத்திற் கொண்டு பிறந்த அவ்வானொலி, அரச கூட்டுத்தாபனத்தின் ஆளுகைக்குட்பட்டது. தேயிலைத் தொழிலாளி தானே நிருவகிக்கும் தமிழ் வானொலியாக அது அமையவில்லை.

1990களில் தனியார் பண்பலை நிலையங்கள் தோன்றின. தமிழ் நிலையங்களும் வந்தன. திரையிசையும் விளம்பரமும் மலையெங்கும் பரவின. 1997இல் அரசு கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகாரசபை மசோதா கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானதென உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் வணிகமும் அரசும் அல்லாத மூன்றாவது வகை வானொலிக்கு வழி அதன் பின்னரும் திறக்கவில்லை. இந்தியா 2006இற் சமூகக் குழுக்களுக்கு வானொலி உரிமம் வழங்கும் கொள்கையை ஏற்றதை இங்கு ஒப்புநோக்கலாம்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மலையகத்திற் கிறிஸ்தவ இசை வானொலியின் வரலாறு கேட்போரின் வரலாறாகவே எஞ்சுகின்றது. நீரைக் கொடுத்த மலை மின்சாரத்தைப் பெறாதது போலவே, பாட்டைக் கொடுக்க வல்ல மக்கள் ஒலிபரப்பியைப் பெறவில்லை. தொலைவிலிருந்து வந்த குரல்கள் அவர்களுக்கு மரியாதையும் ஆறுதலும் இசையும் அளித்தன. அவற்றைப் போலி எனக் கூறுவது அம்மக்களின் அனுபவத்தை அவமதிப்பதாகும். ஆயினும் அக்குரல்கள் அவர்களிடம் பேசினவேயன்றி அவர்களைப் பேசவைக்கவில்லை.

இன்று பெரும்பாலான லயங்களை மின்சாரம் எட்டிவிட்டது. கைத்தொலைபேசி வழியே எவரும் இணைய வானொலி நடத்தலாம். கிறிஸ்தவப் பாடல்களுக்கென இயங்கும் இணைய வானொலிகளும் பல. கருவி கைக்கு வந்துவிட்ட இக்காலத்தில், அதில் யாருடைய பாட்டு ஒலிக்கும் என்பதே எஞ்சிய வினா. பிற ஊர்களிற் பதிவான பாடல்களை மீண்டும் இசைப்பதற்கு மட்டும் அது பயன்படுமாயின், மலையகத்தார் பழையபடி கேட்போராகவே இருப்பர்.

ஆய்வாளரின் உடனடிக் கடமை வேறொன்று. லயக் காம்பராக்களின் பழைய இரும்புப் பெட்டிகளில் விவிலியப் பாடச் சான்றிதழ்களும் நிலையங்களிலிருந்து வந்த தபாலட்டைகளும் கேட்டெழுதிய பாட்டுக் கொப்பிகளும் இன்னமும் இருக்கக்கூடும். மலையின் ஈரமும் கரையானும் அவற்றை நெடுங்காலம் விட்டுவைக்கா. அவற்றை எழுதியவர்களுள் உயிரோடிருப்போரும் முதியோராகிவிட்டனர். நிலையங்களின் கோப்புகள் மணிலாவிலும் வேறு நாடுகளிலும் பேணப்படலாம். கேட்டவரின் சான்றுகளைப் பேண வேண்டியவர்கள் நாமே. பல்கலைக்கழக மாணவர், விடுமுறைக்குத் தம் தோட்டங்களுக்குச் செல்லும்போது, ஒரு கொப்பியையேனும் படியெடுத்து ஒரு முதியவரின் நினைவையேனும் பதிவு செய்து வருவாராயின், இவ்வரலாற்றை அடுத்து எழுதுவோர் அதனை ஊகத்தினின்று விடுவித்து உறுதியான சான்றுகளின் மேல் நிறுத்த முடியும்.